ஸ்கேன் எடுப்பவர் வேறு, ரிப்போர்ட் தருபவர் வேறு... ரேடியாலஜி படிக்கப் போறீங்களா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் படிங்க!

ப்ளஸ் 2 ரிசல்ட் வந்த கையோடு, "ரேடியாலஜி படிச்சா உடனே வேலை" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கும். ஆனால் அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு பாதைகள் இருக்கின்றன. எது எதுவென்று புரியாமல் சேர்ந்தால், பணமும் போகும், வருஷமும் போகும்.

இரண்டு பாதைகள் என்னென்ன?

முதலாவது, ரேடியாலஜிஸ்ட். இவர் டாக்டர். நீட் எழுதி எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு நீட் பி.ஜி. மூலம் 3 ஆண்டு எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் படிக்க வேண்டும். படத்தைப் பார்த்து, நோய் என்னவென்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் இவரே.

இரண்டாவது, ரேடியோகிராஃபர் அல்லது இமேஜிங் டெக்னாலஜிஸ்ட். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. இயந்திரங்களை இயக்கி, நோயாளியைச் சரியான நிலையில் படுக்க வைத்து, தெளிவான படம் எடுப்பது இவர் வேலை. படம் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய டாக்டராலும் சரியான ரிப்போர்ட் தர முடியாது.

"பி.எஸ்சி. முடிச்சா ரேடியாலஜிஸ்ட் ஆகிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டில் எப்படிச் சேர்வது?

பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி, 3 ஆண்டு படிப்பும் 1 ஆண்டு பயிற்சியும் சேர்ந்து மொத்தம் 4 ஆண்டுகள். ப்ளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மதிப்பெண் அடிப்படையில், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி வருகிறது. இந்தத் துறைக்கென 2021-ல் தேசிய அளவில் தனிச் சட்டம் வந்த பிறகு விதிகள் மாறி வருவதால், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் பார்ப்பது நல்லது.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களுக்கும் வழி உண்டு. மெடிக்கல் பிசிக்ஸ் என்ற முதுநிலைப் படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். எக்ஸ்ரே, சி.டி. இரண்டிலும் கதிர்வீச்சு உண்டு. அதனால் ஊழியர்கள் நெஞ்சுப் பகுதியில் டி.எல்.டி. பேட்ஜ் அணிய வேண்டும். உடல் வாங்கிய கதிர்வீச்சை அது பதிவு செய்யும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி, 5 ஆண்டு சராசரி ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒரு பங்காகக் குறையும். பேட்ஜ், ஈய ஏப்ரன், தூரம் மூன்றையும் பின்பற்றினால் இது பாதுகாப்பான வேலைதான்.

எம்.ஆர்.ஐ.-யில் இந்தக் கதிர்வீச்சு இல்லை. ஆனால் அதன் காந்தம், ஸ்கேன் நடக்காதபோதும் வேலை செய்துகொண்டே இருக்கும். 2018-ல் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன நோயாளியின் உறவினர் உயிரிழந்தார். அந்த அறை வாசலில் யாரை, எதை உள்ளே விடுவது என்று பார்ப்பதும் டெக்னாலஜிஸ்ட்டின் பொறுப்பு.

சட்டமும் தெரிய வேண்டும்

கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வது 1994-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் முறை சிக்கினாலே 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். தெரிந்தவர் கேட்டாலும், ஜாடையாகச் சொன்னாலும் குற்றம்தான்.

ஃபீஸ் கட்டும் முன் 3 கேள்விகள்

1. படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது? டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால், அதன் இணைப்புக் கல்லூரிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா?

2. பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே சி.டி., எம்.ஆர்.ஐ. இருக்கிறதா?

3. மாணவர்களுக்கு டி.எல்.டி. பேட்ஜ் தருகிறார்களா?

இந்த மூன்றுக்கும் நேரடியாகப் பதில் சொல்லாமல், "ஆறே மாசத்துல சர்ட்டிஃபிகேட், கைநிறைய சம்பளம்" என்று மட்டும் பேசினால், பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.