முழங்காலுக்கு ஒரு தீர்ப்பு

1743. லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. எழுதியவர் வில்லியம் ஹன்டர். ஸ்காட்லாந்துக்காரர், வயசு 25. விஷயம், மூட்டுகளில் எலும்போடு எலும்பு உரசாமல் காக்கும் குருத்தெலும்பு. அது அழிந்தால் அழிந்ததுதான், திரும்ப வராது. ஹிப்பாக்ரடிஸ் காலத்திலிருந்து எல்லா வைத்தியர்களும் ஒப்புக்கொண்ட சங்கதி இது என்றார் ஹன்டர்.

தப்பில்லை. காயம் ஆற ரத்தம் வேண்டும். குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. முக்கால்வாசி தண்ணீர், நடுவே சொற்பமாகச் செல்கள். நரம்பும் இல்லையா, தேய ஆரம்பிப்பது தெரியாது. வலி தெரியும்போது பக்கத்து எலும்பு வரை விவகாரம் போயிருக்கும்!

கிட்டத்தட்ட 250 வருஷம் அந்தத் தீர்ப்பு அசையவில்லை. ஸ்வீடனில் கோத்தன்பர்க் டாக்டர்கள் (பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு) அதை அசைத்துப் பார்த்தார்கள். முழங்காலில் பாரம் அதிகம் விழாத ஓரத்திலிருந்து துளி குருத்தெலும்பைக் கிள்ளி, செல்களைப் பிரித்து, லேபில் இரண்டு மூன்று வாரம் வளர்த்தார்கள். பள்ளமான இடத்தின் மேல் கீழ்க்கால் எலும்பிலிருந்து உரித்த சவ்வைத் தைத்து, அடியில் செல்களைச் செலுத்தினார்கள். 1994-ல் ரிசல்ட் வெளியானது. தொடை எலும்பு முனையில் செய்துகொண்ட 16 பேரில் 14 பேருக்கு இரண்டு வருஷம் கழித்தும் நல்ல பலன். முழங்கால் சில்லில் செய்துகொண்ட 7 பேரில்? இரண்டே பேருக்கு!

அதே டாக்டர்கள், அதே முறை. இடம் மாறினால் பலன் ஏன் மாறுகிறது? இங்கேதான் கணக்கு உள்ளே வருகிறது. 1980-லேயே அமெரிக்காவில் வான் மாவ் குழுவினர், குருத்தெலும்பை நீர் நிறைந்த ஸ்பாஞ்ச் மாதிரி பாவித்துச் சமன்பாடு எழுதிவிட்டார்கள். கால் ஊன்றும்போது உள்ளிருக்கும் நீரின் அழுத்தம்தான் பெரும்பாரத்தைத் தாங்குகிறது. அந்த வழியில் வந்தவர்கள் இன்று ஸ்கேன் படத்திலிருந்து கம்ப்யூட்டரில் முழங்கால் செய்து, அதில் ஒட்டுப் போட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். யாருக்கும் வலிக்காது.

இன்னொரு பக்கம் ஸ்டெம் செல். 2006-ல் ஜப்பானின் யமனாகா, எலியின் சாதாரண செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். அடுத்த வருஷம் மனித செல்லையும். நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ தொடங்கி, அவருடைய குருத்தெலும்பை லேபில் வளர்த்து நோயை ஆராய வழி பிறந்தது. சிக்கல் ஒன்றுண்டு. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த குருத்தெலும்பு அதோடு நிற்காமல், பல சமயம் எலும்பாகும் பாதையில் நடையைக் கட்டிவிடுகிறது.

ஊசி வியாபாரம் இதற்கெல்லாம் காத்திருக்குமா? எலும்பு மஜ்ஜை செல்களுக்கு 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்று 1991-ல் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன். இந்த செல்கள் மூட்டுக்குள் போய்ப் புது குருத்தெலும்பாக மாறுவதில்லை, பக்கத்து செல்களுக்கு ரசாயனச் சேதி அனுப்புகின்றன, அவ்வளவுதான் என்பது அவருடைய பிற்காலக் கட்சி. 'ஸ்டெம்' என்ற பெயரைக் காட்டி கிளினிக்குகள் நோயாளிகளைத் தவறாக நம்பவைக்கின்றன, பெயரை மாற்றுங்கள் என்று 2017-ல் அவரே எழுதினார். பெரும்பாலோர் மாற்றவில்லை.