கீழிருந்து வரும் சொல்: விமானி அறையில் தலைமை கற்பிக்கப்பட்ட வரலாறு

பணியிடத் தலைமை பற்றிய நூல்களும் பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் துணிவு, தொலைநோக்கு, பேச்சுத்திறன் என்று தலைவரின் குணங்களையே அடுக்குகின்றன. இவை வேண்டியவைதான். ஆனால் ஏற்கனவே பொறுப்பில் இருக்கும் ஒருவர் முன்பைவிட நல்ல தலைவராக எதைக் கற்க வேண்டும் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. தமக்குக் கீழே பணிபுரிபவரின் எச்சரிக்கை உரிய நேரத்தில் தம்மை வந்தடையும்படி வேலையை அமைத்துக்கொள்வதே கற்கவும் கற்பிக்கவும் சோதிக்கவும் கூடிய தலைமைத் திறன் என்பது இக்கட்டுரையின் வாதம். பயணிகள் விமானத் துறை இதைப் பெரும் உயிரிழப்புகளுக்குப் பிறகே கற்றது.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரை நெருங்கிய யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானத்தில், சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறான அதிர்வு எழுந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. மிகுந்த அனுபவம் கொண்ட தலைமை விமானி, கோளாறை ஆராயவும் பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார் செய்யவும் எண்ணி, நகரைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறந்தார். எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் விமானப் பொறியாளரும் அறிந்திருந்தனர். அதைக் குறிப்பிடவும் செய்தனர். ஆனால் உடனே இறங்கியாக வேண்டும் என்று அழுத்திச் சொல்லவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நகரின் புறப்பகுதியில் விமானம் விழுந்து, அதிலிருந்த 189 பேரில் 10 பேர் இறந்தனர்.

இங்கே தகவலுக்குக் குறைவில்லை. தேவையான எண் அந்த அறையிலேயே இருந்தது. அதை முடிவாக மாற்றும் வழிதான் இல்லை. முந்தைய ஆண்டு டெனெரிஃபே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோதும் இதன் சாயல் இருந்தது. எதிரே இருந்த விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் ஐயம் எழுப்பினார். தம் நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளராகவும் இருந்த தலைமை விமானி உறுதியான குரலில் ஆம் என்றதும் பேச்சு அங்கே நின்றுவிட்டது.

போர்ட்லாந்து விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் பரிந்துரை என் பார்வையில் தலைமைக் கல்வியின் வரலாற்றில் முக்கியமான ஆவணம். தலைமை விமானிகளுக்குப் பிறரைக் கலந்து முடிவெடுக்கும் பயிற்சியும், மற்றவர்களுக்குத் தயங்காமல் வலியுறுத்திப் பேசும் பயிற்சியும் தேவை என்றது அது. இரு தரப்பையும் ஒரே குறையின் இரு முனைகளாகக் கண்டதில்தான் அதன் ஆழம் இருக்கிறது. கேட்கத் தெரியாத மேலாளரை மட்டும் திருத்தினால், பேசப் பழகாதவர் மௌனமாகவே இருப்பார். பேசுபவரை மட்டும் ஊக்கினால், அவர் முதல் முறையே அடங்கிப்போவார்.

1979-இல் நாசா நடத்திய பயிலரங்கைத் தொடர்ந்து, 1981-இல் யுனைடெட் நிறுவனம் இத்தகைய பயிற்சியைத் தொடங்கியது. தொடக்ககால வகுப்புகள் ஆளுமை வகைகளையும் நிர்வாகப் பாணிகளையும் பேசின. அவை நயத்தக்க நடத்தையைக் கற்றுத்தரும் வகுப்புகள் என்று விமானிகள் சிலர் ஒதுக்கினர். அவர்களின் எரிச்சலில் நியாயம் இருந்தது. ஒருவரின் குணத்துக்குப் பெயர் சூட்டுவதால் அவர் நடத்தை மாறாது. பயிற்சி வலுப்பெற்றது அது வேலைக்குள் நுழைந்த பிறகுதான். முழுப் பயணமொன்றைப் போலி விமானி அறையில் பயிற்றுநர் குறுக்கீடின்றி ஓட்டுவது, வழியில் கோளாறு எழுவது, முடிந்ததும் குழுவே தன் ஒளிப்பதிவைப் பார்த்துத் தன்னை ஆராய்வது என்று அது வடிவெடுத்தது. யார் எப்போது எதைக் கவனித்தார், அதை எப்போது சொன்னார், சொன்னதற்கு என்ன ஆயிற்று என்பவை திரையில் தெரியும்போது மறுக்க இடமில்லை.

1989 ஜூலை 19 அன்று, நடுவானில் அதே யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தின் வால் இன்ஜின் சிதறி மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. அந்நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழிமுறை இல்லை. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச்சை உள்ளே அழைத்து, இன்ஜின் விசைகளை அவர் கையில் ஒப்படைத்தார். 44 நிமிடங்கள் விமானி அறைக் குழுவின் மூவரும் ஃபிட்ச்சும் பேசிப் பேசியே விமானத்தை சூ சிட்டி ஓடுபாதைவரை கொண்டுசேர்த்தனர். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். தலைமை விமானியின் சொல்லே முடிவானது என்றிருந்த பழைய வழக்கம் நீடித்திருந்தால் இது கைகூடியிருக்காது என்று ஹேன்ஸ் பின்னர் பல மேடைகளில் விளக்கினார். இங்கே அதிகாரம் கரைந்துவிடவில்லை என்பதை வலியுறுத்த வேண்டும். யாரிடம் எதைக் கேட்பது, எதை ஏற்பது என்பதைக் கடைசிவரை அவரே தீர்மானித்தார். பிறரைக் கேட்டால் தலைமை நீர்த்துப்போகும் என்று அஞ்சுவோர் இதைக் கருத வேண்டும்.

ஓர் ஆட்சேபம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஒரு விபத்தில் பலர் பிழைத்ததால் பயிற்சியின் பயன் நிறுவப்பட்டுவிடாது. இத்துறை மதிப்பாய்வுகள் விமானிகளின் மனப்பாங்கும் நடத்தையும் மாறியதைக் காட்டினாலும், விபத்துக் குறைவை இப்பயிற்சிக்கு மட்டும் உரியதாக்கத் தயங்குகின்றன. இயந்திரங்களும் அதே காலத்தில் மேம்பட்டன. அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின் வரலாறும் இந்த எச்சரிக்கையைத் தருகிறது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியல் வந்த பிறகு இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014 ஆய்வோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. இவ்வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தாளில் குறியிடுவதும், செவிலியர் தடுத்தால் மருத்துவர் கத்தியைக் கீழே வைப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

நிர்வாகவியல் ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் கண்டதும் இதற்குத் துணை நிற்கிறது. நல்ல தலைமை உள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அவற்றில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்ல அச்சமில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். அப்படியானால் புகாரே வராத பிரிவின் மேலாளரைப் பாராட்டும் நம் வழக்கம் தவறான அளவுகோலில் நிற்கிறது.

பதவி உயர்வின்போது ஒருமுறை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பிறகு இலக்கு எண்களை மட்டும் பார்க்கும் அலுவலகங்களில் இந்தத் திறன் வளர இடமில்லை. விமானிகள் பணிக்காலம் முழுதும் திரும்பத் திரும்பப் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் உட்படுகிறார்கள்; அலுவலகத் தலைவர்களுக்கும் அதுபோன்ற ஏற்பாடு வேண்டும். ஆண்டு மதிப்பீட்டில் கீழ்நிலை ஊழியரிடம் கேட்கத்தக்க முதல் கேள்வி: கடந்த ஆண்டில் உங்கள் மேலாளர், நீங்கள் மறுத்துச் சொன்னதற்காகத் தம் முடிவுகளில் எதை மாற்றிக்கொண்டார்?