அலிப்பூர் சாலை 26: அது எந்தப் புத்தகம்?

தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண்ணில் உள்ள டாக்டர் அம்பேத்கர் தேசிய நினைவிடம் ஒரு புத்தகத்தின் வடிவில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் அரசியலமைப்புச் சட்டம். 2018 ஏப்ரல் 13 அன்று பிரதமர் அதைத் திறந்து வைத்தார். விதான் சபா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

உள்ளே புகைப்படங்கள், ஒலி ஒளிக் காட்சிகள், அசைந்து பேசும் அண்ணலின் உருவம் எல்லாம் இருக்கின்றன. எங்களோடு வந்த மாணவர்கள் அந்த உருவத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். நின்றது சரிதான். நாட்டின் தலைநகரில் தம் தலைவருக்கு இப்படியொரு மாளிகை இருப்பதைச் சேரிப் பிள்ளைகள் பார்ப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கட்டடத்தின் வடிவத்தையும் முகவரியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது.

அரசியலமைப்பை வரைந்த காலத்தில் அண்ணல் இங்கே குடியிருக்கவில்லை. சட்ட அமைச்சராக அவர் இருந்த வீடு ஹார்டிங் அவென்யூவில், அதாவது இன்றைய திலக் மார்க்கில் இருந்தது. சிரோஹி அரசருக்குச் சொந்தமான அலிப்பூர் சாலை வீட்டுக்கு அவர் வந்தது 1951இல் பதவியை உதறிய பிறகு. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கியது மட்டும் காரணமல்ல. பட்டியல் சாதியினரை அரசு கைவிட்டது, பிற்படுத்தப்பட்டோருக்கான ஆணையத்தை அமைக்காமல் இழுத்தடித்தது ஆகியவையும் அவருடைய அறிக்கையில் உண்டு. அறிக்கையின் படியை முன்கூட்டியே தர வேண்டும் என்று அவையில் நிபந்தனை போட்டபோது, அவர் வெளியேறி அதைப் பத்திரிகைகளிடம் கொடுத்தார்.

ஆக, இந்த முகவரிக்கு உரியவர் ஆட்சியிலிருந்து வெளியே வந்த அம்பேத்கர். 1952 பொதுத்தேர்தலில் பம்பாயிலும் 1954 இடைத்தேர்தலில் பண்டாராவிலும் தோற்கடிக்கப்பட்டவர். அரசியலமைப்பை எழுதியவர் நீங்கள்தானே என்று சொல்லிச் சொல்லி வாயடைக்கப் பார்த்தவர்களிடம், அதை எரிப்பதில் நானே முதல் ஆளாக இருப்பேன் என்று 1953இல் மாநிலங்களவையில் சீறியவர். நீரிழிவும் மூட்டு வலியும் வாட்ட, இங்கிருந்தபடி அவர் எழுதி முடித்தது இன்னொரு புத்தகம்: 'புத்தரும் அவர் தம்மமும்'. 1956 டிசம்பர் 5 இரவு, நானக் சந்த் ரத்து தட்டச்சு செய்து கொண்டுவந்த அதன் முன்னுரையை மேசையில் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அவர் உயிரோடு இல்லை.

கட்டடத்துக்கு ஏன் அந்தப் புத்தகத்தின் வடிவம் தரப்படவில்லை? அரசுக்கு வசதியான அம்பேத்கர் சட்டம் வரைந்தவர்தான்; ராஜினாமா செய்தவரும் நாக்பூரில் மதம் மாறியவரும் அத்தனை வசதியானவர்கள் அல்ல.

பழைய வீடு இன்று இல்லை. அது கைமாறிய பிறகு, 1967இல், அங்கே எஞ்சியிருந்த அவருடைய ஆவணங்கள் முற்றத்தில் வீசப்பட்டு மழையில் நனைந்தன. ஏராளமானவை அழிந்தே போயின. 2003இல்தான் ஒன்றிய அரசு அந்த இடத்தைக் கையகப்படுத்தியது. பிழைத்த எழுத்துகளை மகாராஷ்டிர அரசு 1979 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் 37 தொகுதிகள் வந்திருக்கின்றன. தில்லிக்குப் போகும் தோழர்கள் அந்த ராஜினாமா அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். அசையும் உருவத்தின் முன்னால் நிற்கும்போது, அதை அங்கேயே உரக்கப் படிக்கலாம்.