எல்லை போட்ட ரோமம்

லடாக்கின் கிழக்கே, 14,000 அடி உயரத்தில் சாங்தாங் பீடபூமி. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். அதைத் தாங்கத்தான் சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகளுக்கு முரட்டு மயிருக்கு அடியில் இன்னொரு மெல்லிய ரோமம் வளர்கிறது. வெயில் ஏறியதும் கழலும். சீப்பால் வாரி எடுப்பார்கள். ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்குக் கால் கிலோ தேறினால் பெரிது. பஷ்மினா இதுதான்.

இதற்காகப் படைகள் நடந்தன. மேற்குத் திபெத்தின் ரோமம் லடாக் வழியாகக் காஷ்மீர் வணிகர்களுக்கே போக வேண்டும் என்பது 1684-ல் லடாக்கும் திபெத்தும் செய்த உடன்படிக்கை. 1834-ல் ஜம்முவின் டோக்ரா தளபதி சொராவர் சிங் லடாக்கைப் பிடிக்க வந்தார். ரோமமோ, பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த ராம்பூர் பஷஹர் சமஸ்தானத்தின் பக்கம் திரும்பிவிட்டது. விளையும் இடத்தையே வளைத்துவிடலாம் என்று 1841-ல் திபெத்துக்குள் நுழைந்தவர், டிசம்பர் பனியில் போரிட்டு மடிந்தார். அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் பழைய எல்லையும் பழைய வணிகமும் திரும்பின.

1846-ல் அமிர்தசரஸ் உடன்படிக்கைப்படி 75 லட்ச ரூபாய்க்குக் காஷ்மீர், பிரிட்டிஷாரிடமிருந்து ஜம்முவின் டோக்ரா அரசர் குலாப் சிங்குக்குப் போனது. அவர்கள் கேட்ட ஆண்டுக் கப்பம்: ஒரு குதிரை, 12 சால்வை ஆடுகள், 3 ஜோடிக் காஷ்மீர் சால்வைகள்.

அதுவரை ரோமம் போன வழியைப் பார்த்து அரசர்கள் எல்லை பேசினார்கள். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். திபெத்திலிருந்து சரக்கு வருவது நின்றது. லடாக் ஆடுகளே கதி என்றானது. 2020 எல்லை மோதலுக்குப் பின் குளிர்கால மேய்ச்சல் நிலங்களுக்குள் போக முடியவில்லை என்கிறார்கள் சுஷுல் பக்கத்து மேய்ப்பர்கள். அங்கேதான் பனி குறைவு, குட்டிகள் பிழைக்கும்.

வாரிய ரோமம் லே வழியாக ஸ்ரீநகர் போகிறது. பெண்கள் ராட்டையில் நூற்க, கைத்தறியில் நெய்த துணிக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வையின் விலை பல ஆயிரம்.

டிசம்பரில் தில்லி சரோஜினி நகர் நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கே ‘பஷ்மினா’ கிடைக்கும். தென்னாட்டிலிருந்து மாற்றலாகி வந்து முதல் குளிரில் நடுங்கும் குடும்பமும் பேரம் பேசி இரண்டு வாங்கிவிடலாம். அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் விஸ்கோஸ் அல்லது அக்ரிலிக். விசைத்தறியில் நெய்தது. எந்த ஆட்டையும் பார்த்திராதது. சாங்தாங்கில் ஒரு மேய்ச்சல் நிலம் போனாலும் இந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடு வராது. எல்லையில் மேய்ப்பர்கள் இழப்பது தலைநகரின் கடைத்தெருவுக்கு உறைக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.