சவப்பெட்டிக் கடைக்காரரின் டெலிபோன்

நெமிலியில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறார் என் நண்பர். (அப்பர் என்றால் தேவாரம் பாடியவர் இல்லை. ஷூவில் அடிப்பாகம் தவிர்த்த மேல்பாகம்.) ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகளிலிருந்து வெட்டிய தோல் வரும். தைத்துத் திருப்பி அனுப்புவார்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு புலம்பல். 'ஒரு ஆர்டர் கைவிட்டுப் போச்சுண்ணே. மெஷின் சத்தத்துல போன் அடிச்சது கேக்கல. அவங்க அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க. புதுசா போன் சிஸ்டம் போடலாம்னு இருக்கேன். எது நல்லது?'

பி.காம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில், கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். சவப்பெட்டி விற்பதும் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்வதும் அவர் தொழில். 1880களில் டெலிபோனுக்கு டயல் கிடையாது. ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் பேசுவார். 'இன்னாரோடு பேச வேண்டும்' என்றால் இணைப்பு கொடுப்பார். அந்த ஆபரேட்டர் ஊரிலிருந்த இன்னொரு சவப்பெட்டிக் கடைக்காரரின் மனைவி என்பதுதான் ஸ்ட்ரோஜரின் பிரச்னை என்கிறார்கள். துக்க வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் அழைப்பு அந்தம்மாவின் வீட்டுக்காரருக்கே போய்விடுகிறது என்று சந்தேகப்பட்டார்.

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார். இவர் ஆபரேட்டரே தேவையில்லாத எக்ஸ்சேஞ்சை யோசித்தார். 1889-ல் விண்ணப்பித்து, 1891-ல் காப்புரிமை வாங்கினார். 1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற ஊரில், சுமார் 75 சந்தாதாரர்களோடு, உலகின் முதல் வர்த்தகத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது.

விஷயம் ரொம்ப எளிமையானது. பிற்பாடு உலகமெங்கும் பரவிய ஸ்ட்ரோஜர் சுவிட்சில் பத்து மாடி, மாடிக்குப் பத்து அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நூறு வீடு. நீங்கள் 4 சுழற்றினால் ஒரு இரும்புக் கை டக் டக்கென்று நாலாவது மாடிக்கு ஏறும். 7 சுழற்றினால் அங்கேயே பக்கவாட்டில் நகர்ந்து ஏழாவது அறைக் கதவைத் தட்டும். அதற்கு அண்ணன், தம்பி, வீட்டுக்காரர் என்று யாரும் கிடையாது. அதுதான் முக்கியம்.

நம் ஊருக்கு வருவோம். 1882-லேயே கல்கத்தா, பம்பாய், சென்னையில் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. ஆனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஆபரேட்டர் தயவில்லாமல் பேச 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில்தான் இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. மற்ற ஊர்க்காரர்களுக்கு ரொம்ப காலம் டிரங்க் கால்தான். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். அவசரம் கூடக் கூட காசும் கூடும்.

தோல் வியாபாரிக்கு இது எப்படி இருந்திருக்கும்? பச்சைத் தோல், நாள்பட்டால் கெட்டுவிடும் சரக்கு. ஆம்பூரில், வாணியம்பாடியில் பதனிட்டால் விற்பனை சென்னை பெரியமேட்டில். அங்கே இன்று என்ன விலை என்று தெரியாமல் இங்கே சரக்கு எடுக்க முடியாது. டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். லைன் கிடைக்கும்போது ஆள் இல்லையென்றால் போச்சு.

1984 ஆகஸ்டில் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடா குழுவினர் 36 மாதம், 36 கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்லி, இந்தியாவுக்கேற்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் செய்ய இறங்கினார்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. வேண்டும். நம் கிராமத்தில் ஃபேனுக்கே கரண்ட் இருக்காது. வெயிலையும் புழுதியையும் தாங்குகிற 128 லைன் கிராமப்புற எக்ஸ்சேஞ்சை 1986-ல் கர்நாடகாவின் கிட்டூரில் நிறுவினார்கள். அதே அடிப்படையில் அலுவலகங்களுக்கான பி.பி.எக்ஸ்ஸும் தயாரானது. எக்ஸ்சேஞ்ச் என்பதை அரசாங்கக் கட்டடத்திலிருந்து கம்பெனி ரிசப்ஷன் மேஜைக்கு இறக்கி வைத்த சமாசாரம் அது. வெளியே நாலு லைன், உள்ளே நாற்பது இன்டர்காம்.

இன்றைக்கு அந்தப் பெட்டிகூட வேண்டாம். மாதச் சந்தா கட்டினால் இன்டர்நெட் வழியாகவே ஒரே நம்பருக்கு வரும் அழைப்புகளைப் பத்து மொபைலுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நண்பரிடம் வந்த விற்பனைப் பிரதிநிதி காட்டியதும் அதைத்தான். கூடவே, 'கணக்குக்கு ஒன்றை அழுத்தவும், உற்பத்திக்கு இரண்டை அழுத்தவும்.' நண்பருக்கு அதில் ஒரே பெருமை. பெரிய கம்பெனி மாதிரி இருக்குமாம்.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. நடுவில் நின்ற ஆளை விரட்டத்தானே ஸ்ட்ரோஜர் அவ்வளவு பாடுபட்டார்? விரட்டிய இடத்தில் நாமே காசு கொடுத்து ஒரு மெஷினை உட்கார வைக்கிறோம். தினம் ஐந்நூறு அழைப்பு வரும் இடத்துக்கு அது அவசியம். இருபது அழைப்பு வரும் யூனிட்டுக்கு எதற்கு?

ஸ்ட்ரோஜர் கதைக்கு இன்னொரு வாலும் உண்டு. அவர் கடைக்கு அழைப்பு வராமல் போனதற்கு ஆபரேட்டர் காரணமே இல்லையாம். கடையில் தொங்கிய உலோகப் பெயர்ப்பலகை காற்றில் ஆடி டெலிபோன் ஒயரில் பட்டுக்கொண்டிருந்ததாம். இரண்டில் எது நிஜமோ. இரண்டாவது நிஜமென்றால், தன் கடைச் சுவரைப் பார்க்காமலே உலகத்தின் டெலிபோனை மாற்றிவிட்டார் மனிதர்! அதிலும் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. 1896-ல் காப்புரிமைகளை 1,800 டாலருக்கு விற்றுவிட்டார்.

நண்பருக்கு இதைச் சொல்லி, மூன்று கேள்வி கேட்டேன். ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு வரும்? யார் எடுப்பார்? அவர் எடுக்காவிட்டால் அடுத்து எங்கே அடிக்கும்? முதல் கேள்விக்கு 'ரெண்டு' என்றார். மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை.

போனை மெஷின் ஹாலிலிருந்து முன்னறைக்கு மாற்றினார். கணக்கெழுதும் பெண்ணிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் எடுக்காவிட்டால் நாலாவது ரிங்கில் முதலாளி மொபைலுக்குப் போகும்படி ஏற்பாடு. 'ஒன்றை அழுத்தவும்' இப்போதைக்கு இல்லை.

நேற்று அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள்.