துண்டும் தகர வில்லையும்

‘ஸ்பான்சர் விசா’ என்னும் சொற்றொடர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் புழக்கத்திற்கு வந்தது, வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் புறப்படத் தொடங்கிய 1970-களுக்குப் பின்னர்தான். ஆனால் வேலை தருகின்றவரே வழிச்செலவைக் கொடுத்து, நுழைவுக்கும் பொறுப்பேற்று, கடலுக்கு அப்பால் ஆளை வரவழைத்துக்கொள்ளும் முறைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு தமிழரிடையே உண்டு. அயல்நாட்டு வேலையைத் தேர்கின்றவர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே முதலில் கேட்கிறார்: சம்பளம் எவ்வளவு? டிக்கெட் யார் செலவு? இலங்கை மலைநாட்டினதும் மலாயாவினதும் தொழிலாளர் வரலாற்றைப் படிப்போர்க்கு இவ்விரண்டையும் விட முக்கியமான மூன்றாவது கேள்வியொன்று புலப்படும். ஓர் ஆள் அந்த இடத்தை விட்டு விலக நினைத்தால், விலகுவதற்கான சீட்டு யார் கையில் இருந்தது?

இலங்கையில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைப் பெருக்கியது 1830-களில். அறுவடைக் காலத்தில் திருச்சி, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் இராமேசுவரம் வரை நடந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மாண்டவர் பலர். முதலில் வந்தவர்கள் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869-இல் காப்பி இலைகளில் தோன்றிய துருநோய் அத்தோட்டங்களை அழித்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்ட பின்னர் நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வரவழைத்து லயங்களில் குடியேற்ற வேண்டியதாயிற்று.

இம்மக்களைத் திரட்டியவர் கங்காணி. தோட்டத்துத் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வருவார். உறவினர், ஒரே சாதியினர், பக்கத்து ஊரினர் என்று தம்மை அறிந்தவர்களிடமே பேசுவார். ஊரில் பட்டிருந்த கடனை அடைக்கக் கொஞ்சம் பணம், வழிச்சோற்றுக்குக் கொஞ்சம், துணிமணிக்குக் கொஞ்சம். இவையெல்லாம் அந்த ஆளின் பெயரில் பற்று எழுதப்பட்டன. இன்றைய சொல்லில் கூறினால் துரைதான் ‘ஸ்பான்சர்’. கங்காணி அவருடைய முகவர். ஆயினும் கடன் மட்டும் தொழிலாளியின் தலையில் இருந்தது.

சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் இலங்கைத் தொழிலாளி அடிமையுமல்லர், ஒப்பந்தக் கூலியுமல்லர். பிஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்களைப் போல ஐந்தாண்டுக்குக் கைநாட்டு வைத்தவரும் அல்லர். 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய வேலை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் வேலை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர் விலகலாம். முன்னறிவிப்பு இன்றிப் போனால் அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. தாளில் இவ்வளவு தாராளமாக இருந்த உரிமையை நடைமுறையில் செல்லாக்காசாக்கியது ஒரு சிறு காகிதம். தோட்டத்துத் தமிழில் அதன் பெயர் ‘துண்டு’. ஆங்கிலத் துரைமாரும் அரசாங்க அறிக்கைகளும் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்தாண்டன. ஆட்சி மொழிக்குள் தமிழ் புகுந்த வாயில்களில் இதுவும் ஒன்று என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று.

துண்டு என்பது தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்ன கங்காணியின் கீழ் இத்தனை ஆட்கள். அவர்கள் பெயரில் உள்ள கடன் இவ்வளவு. அத்தொகையைச் செலுத்துகின்றவரிடம் அவர்கள் விடுவிக்கப்படுவார்கள். சாரம் இவ்வளவே. அதை மடியில் கட்டிக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் வேண்டிய துரை கடனைக் கட்டுவார். கூட்டம் முழுவதும் இடம் பெயரும். கடன் அழிந்ததா என்றால், இல்லை. புதிய தோட்டத்துக் கணக்கில் அது மீண்டும் ஏறும். பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே ஏறும். துண்டு கிடைக்காத தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தாலும் அடுத்த தோட்டத்தில் அவரை எடுப்பார் இல்லை. சட்டம் திறந்து வைத்த கதவை வழக்கம் தாழிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் பயிராகத் தொடங்கியபோது ஆள் தட்டுப்பாடு மிகுந்தது. அதனோடு துண்டுத் தொகைகளும் வீங்கின. ஆள் கிடைத்தால் போதுமென்று துரைமார் ஒருவருக்கொருவர் போட்டியிட்டு முன்பணம் கொடுத்தனர். பணத்தின் பெரும்பகுதி பெரிய கங்காணிகளிடம் தங்கியது. பெயர் மட்டும் தொழிலாளியுடையது. தாம் வாங்காத கடனுக்காகத் தாம் அறியாத தொகைக்குக் கைமாறியவர்கள் அவர்கள். பலருக்குத் தம் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் தெரியாது.

இதே காலத்தில்தான் தகர வில்லை வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிய எண் பொறித்த சிறிய தகரத் தகடு அது. துரை அவற்றைக் கங்காணியிடம் கொடுத்தனுப்புவார். கங்காணி சேர்த்த ஆட்களின் கழுத்தில் அவை தொங்கும். வில்லையைக் காட்டினால் ரயிலுக்கும் கப்பலுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. செலவு அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டத்துரைமாரின் தொழிலாளர் கமிஷன் 1904-இல் திருச்சிராப்பள்ளியில் அலுவலகம் அமைத்து ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும், 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் மண்டபத்திலும் ஆட்கள் தங்க வைக்கப்பட்டு, நோய் சோதிக்கப்பட்டு, கடல் கடந்தனர். மன்னார்க் காட்டில் நடந்து செத்த தலைமுறையோடு ஒப்பிட்டால் தகர வில்லை ஒரு கருணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அதில் இருந்த எண் தோட்டத்தின் எண். கழுத்தில் அணிந்தவர் போகும் இடம் அவர் புறப்படும் முன்னரே முடிவாகிவிட்டது.

1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டுப் போனதற்காகச் சிறையிலிடும் விதிகளும் அக்காலத்திலேயே நீங்கின. 1922-இல் இந்திய அரசு இயற்றிய குடிபெயர்வுச் சட்டத்தின் நெருக்குதலால், இலங்கையில் 1923 முதல் தோட்டங்கள் கூட்டாக நிதி சேர்த்து வழிச்செலவை ஏற்றன. புதிதாக வருவோர் கடனின்றி இறங்கினர். துண்டு போன இடத்தில் பற்றுச்சீட்டு வந்தது. பேச்சு வழக்கில் அது பத்துச்சீட்டு. விலகும்போது தோட்டம் தர வேண்டிய விடுதலைச் சான்று அது. உரிமையாகப் பிறந்த அந்தச் சீட்டு, காலப்போக்கில் ‘அவனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள்’ என்று வேலைநீக்கத்தின் பெயராகவே நிலைத்தது. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு புரண்டதில் ஓர் இனத்தின் அனுபவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து மலாயா சென்றவர்களின் கதை சற்று வேறு. அங்கே இரண்டு வழிகள் அருகருகே இருந்தன. ஒன்று, ஒப்பந்த முறை: வழிச்செலவைக் கொடுத்த முதலாளியிடம் குறித்த காலம் உழைக்க வேண்டும், ஓடினால் குற்றம். கரும்புத் தோட்டங்கள் இதை விரும்பின. மற்றொன்று, காப்பியோடும் பின்னர் ரப்பரோடும் வளர்ந்த கங்காணி முறை. இதில் வந்தவர் சட்டப்படி மாத முன்னறிவிப்பில் விலகலாம். அதனால் துரைமார்க்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு தோட்டம் பணம் செலவிட்டு ஆளை வரவழைக்கும்; அண்டைத் தோட்டம் நாளொன்றுக்குச் சில காசு கூட்டிக் கொடுத்து அவரை இழுத்துக்கொள்ளும். செலவு ஒருவருக்கு, ஆள் மற்றொருவருக்கு.

இதற்கு 1907-இல் கண்ட தீர்வு தமிழர் குடிபெயர்வு நிதி. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தாம் ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், அவர்கள் செய்த வேலையின் அளவுக்கேற்ப இந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். கப்பல் கட்டணம் அதிலிருந்து கொடுக்கப்படும். பணம் பொதுவானது, எனவே எந்தத் தனி முதலாளியும் எந்தத் தனி ஆளையும் ‘என் காசில் வந்தவன்’ என்று பிடித்து வைக்க முடியாது. 1910-இல் மலாயாவில் ஒப்பந்த முறையும் முடிவுக்கு வந்தது. கங்காணி வேண்டாமென்று நினைத்தவர், நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமுக்குத் தாமாகவே சென்று இலவசமாகக் கப்பலேறவும் வழி இருந்தது. தொழிலாளி நலம் கருதி எழுந்த ஏற்பாடல்ல இது. முதலாளிகளின் உட்பகை தீர எழுந்தது. எனினும் அயல்நாட்டு வேலைக்கு அக்காலத்துத் தமிழர்க்குக் கிடைத்த வழிகளுள் இதுவே மேலானது என்பதில் ஐயமில்லை. வழிச்செலவு கொடுப்பவரையும் வேலை வாங்குபவரையும் அது பிரித்து வைத்தது.

குறை வேறொரு பக்கத்தில் முளைத்தது. தனித்தனித் துரை ஆளைப் பிடித்து வைக்க முடியாது போனாலும், துரைமார் அனைவரும் சேர்ந்து ஆள் வரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. ஆள் மிகுந்தால் கூலி ஏறாது. 1930-இல் ரப்பர் விலை சரிந்தபோது அதே நிதி பல்லாயிரவரைத் திருப்பியனுப்பப் பயன்பட்டது. கங்காணியின் பிடியும் முற்றிலும் தளரவில்லை. அவருடைய ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் விலகினால் அவ்வருவாய் போகும். 1936-இல் மலாயா சென்று பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், கங்காணி வழி ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டுமென்று தம் அறிக்கையில் பரிந்துரைத்தார். 1938-இல் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலியைக் குறைக்க முதலாளிகள் முற்பட்டபோது, உதவி பெற்றுக் குடிபெயர்வதை ஜூன் மாதத்தில் இந்திய அரசு தடுத்துவிட்டது. இலங்கைக்கான தடை 1939 ஆகஸ்டில் வந்தது.

கங்காணியைக் கொடியவராக மட்டும் எழுதிவிடுவது எளிது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணி திரும்பத் திரும்ப வருகிறார். அவர் அந்நியர் அல்லர். மாமன், சித்தப்பன், ஊர்ப் பெரியவர். நம்பிக்கைக்குரியவர் வழியாகவே கடன் வந்தது என்பதுதான் இம்முறையின் வலிமை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் படித்தோர், சிற்றூரிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு இட்டுச் சென்ற பாதை எத்தகையது என்பதை அறிவர். இக்காலத்தில் வளைகுடா வேலைக்கு ‘விசா வந்திருக்கிறது’ என்று செய்தி கொண்டு வருபவரும் பல நேரங்களில் உறவினரோ முன்பே சென்ற ஊர்க்காரரோதான்.

வளைகுடாவின் கஃபாலா முறையில் வந்தவரின் தங்கும் உரிமை, வரவழைத்த கஃபீலின் பெயரோடு கட்டப்பட்டது. வேறிடம் மாற அவருடைய ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். சில நாடுகளில் நாட்டை விட்டு வெளியேறவே அவருடைய அனுமதி வேண்டும். கேளாமல் போனவர் மீது ‘ஓடிப்போனார்’ என்று புகார் பதியலாம். துண்டை அறிந்தவர்க்கு இக்கடிதம் புதிதாகத் தோன்றாது. கத்தார் 2018-இல் பெரும்பாலோர்க்கு வெளியேறும் அனுமதியையும் 2020-இல் ஆட்சேபமின்மைக் கடிதத்தையும் நீக்கியது. சவூதி அரேபியா 2021-இல் ஓராண்டு முடித்தவர்கள் முதலாளியின் ஒப்புதலின்றி மாற நிபந்தனைகளோடு வழி செய்தது. வீட்டுப் பணியாளர்க்கு அச்சலுகை எட்டவில்லை. விசாவுக்காக ஊரில் வாங்கிய வட்டிக் கடனை இச்சட்டங்கள் தொடுவதும் இல்லை. அமெரிக்காவின் எச்-1பி விசாவும் முதலாளி மனுச் செய்து பெறுவதே. புதிய முதலாளி மனுத் தாக்கல் செய்த உடனே அங்கு வேலைக்குச் சேரலாம் என்னும் உரிமை 2000-இல் வந்தது. வேலை போனால் அறுபது நாள் வரை தங்கி வேறு வழி தேடலாம் என்னும் விதி 2017-இல் வந்தது. கணினிப் பொறியாளரும் தேயிலை கிள்ளியவரும் ஒரே நிலையினர் அல்லர். ஆனால் வேலை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும்போது இருவரும் தேட வேண்டிய வரி ஒன்றே.

சீட்டு முதலாளியிடம் இருந்ததன் விளைவு, வந்தவரின் உழைப்புக் காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. இலங்கை விடுதலை பெற்ற 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி விட்டது: திருமணமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் இடைவிடாது அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? அவர்கள் வந்தது தோட்டத்தின் எண்ணில். வாழ்ந்தது தோட்டத்தின் லயத்தில். வேலை செய்த நாட்கள் இருந்தது தோட்டத்துச் செக்ரோலில். வேறு எழுத்துச் சான்று பெரும்பாலோரிடம் இல்லை. விண்ணப்பித்தவர்களில் மிகப் பலர் மறுக்கப்பட்டனர்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்திருந்ததால், திரும்பியவர்களின் கப்பல் இராமேசுவரத்தில் வந்து நின்றது. இறங்கியவர்களில் பலர் இந்தியாவை முதன்முறையாகப் பார்த்தவர்கள்; அவர்கள் தங்க வைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, பாட்டன்மார் வில்லை அணிந்து கடல் கடக்கக் காத்திருந்த அதே மண்டபம் முகாம்.