மீகாங் ஆற்றைக் கடந்த துணி

அந்தத் துணியை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மேல் விளிம்பில் சீனத்து மலைகள். அதன் கீழே மூங்கில் வீடுகள், நெல் குத்தும் பெண், முற்றத்தில் மேயும் கோழிகள். நடுப்பகுதிக்கு வந்தால் விமானங்கள், துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் தாய். குறுக்கே நீல நூலில் அகலமாக ஓர் ஆறு. மூங்கில் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு அதில் மிதக்கிறவர்களின் தலைகள் மட்டும் தெரிகின்றன. அக்கரையில் வரிசை வரிசையாகக் கொட்டகைகள், மேசை போட்டுப் பெயர் எழுதும் அதிகாரி. கீழ் மூலையில் ஒரு பேருந்து காத்திருக்கிறது. ஒவ்வோர் உருவமும் ஒரு விரல் நீளம்தான் இருக்கும். ஆனாலும் பெண்ணின் தலைப்பாகை எந்த ஊர்க் கட்டு என்று தெரியும்படி தைத்திருப்பார்கள்.

மோங் மக்களின் கதைத்துணி இது. தொன்மையான மலைவாழ் கலை என்று சொல்லி விற்கப்படுவதும் உண்டு. உண்மையில் இதற்கு ஐம்பது வயதுதான். பிறந்தது தாய்லாந்தின் அகதி முகாம்களில்.

தொன்மையானது இதன் தாய். 'பான் தாவ்', அதாவது பூத்துணி என்பது அதன் பெயர். தெற்குச் சீனத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் லாவோஸ் மலைகளுக்கு இறங்கி வந்த மோங் குடும்பங்கள் அதைக் கையோடு கொண்டுவந்தன. செடி நாரில் நெய்து, மெழுகில் கோடிட்டு, அவுரியில் தோய்த்த துணி. அல்லது ஒரு துணியின் மேல் இன்னொன்றை வைத்து, நுனிக் கத்தரியால் கீறி, ஓரத்தை உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத தையலில் பிடித்த துணி. அதில் மனித உருவமே கிடையாது. நத்தைச் சுழி, யானைப் பாதம், வெள்ளரி விதை என்று நம் கோலத்தைப் போலச் சுழியும் கட்டமுமாகவே இருக்கும். பிள்ளையைச் சுமக்கும் துணியில் அது காவல். இறந்தவரின் உடையில் அது அடையாளம்: மறுவுலகில் முன்னோர்கள் அதைப் பார்த்துத்தான் தம்மவரை இனம் காண்பார்கள் என்பது நம்பிக்கை. மோங் மொழிக்கு ரோமன் எழுத்து முறை வந்ததே 1950களில்தான். தொலைந்துபோன பழைய எழுத்து பெண்களின் பாவாடைப் பூவேலைக்குள் ஒளிந்திருக்கிறது என்று ஒரு கதை அவர்களிடம் உண்டு.

1961 முதல் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ, தளபதி வாங் பாவின் கீழ் மோங் ஆண்களுக்கு ஆயுதம் கொடுத்து லாவோஸில் ஒரு ரகசியப் போரை நடத்தியது. பிற்காலத்தில் ஆள் பற்றாமல் சிறுவர்களையும் சேர்த்தார்கள். அந்தப் போர் தோல்வியில் முடிய, 1975 மே மாதம் தளபதியும் அவரைச் சேர்ந்தவர்களும் லோங் சேங் தளத்திலிருந்து விமானத்தில் வெளியேறினார்கள். இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் காட்டு வழியே மீகாங்கை நோக்கி நடந்தார்கள். ஆற்றில் போனவர்களின் கணக்கு யாரிடமும் முழுதாக இல்லை.

தாய்லாந்தின் லோய் மாகாணத்தில் இருந்த பான் வினாய் முகாமில் எண்பதுகளின் நடுவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தார்கள். உழ நிலம் இல்லை. வெளியே போகத் தடை. கையில் மிஞ்சியது ஊசி மட்டும். பூத்துணிகளை வாங்கிய வெளிநாட்டுத் தொண்டர்கள், கதை சொல்லும் துணி கேட்டார்கள். ஆண்கள் உருவங்களை வரைந்து கொடுத்தார்கள், பெண்கள் நூலால் நிரப்பினார்கள். ஊசி வேலையில் கை வைக்காத ஆண்கள் அதில் சேர்ந்ததே ஒரு மாற்றம். அமெரிக்க வரவேற்பறைக்குச் சிவப்பும் பச்சையும் ஒத்துவராது என்றதும் மங்கிய நீலமும் பழுப்பும் வந்தன. சில துணிகளில் ஆங்கில வரிகளையும் தைத்தார்கள். படிக்கத் தெரியாத எழுத்தை உருவம் பார்த்துத் தைத்ததால் எழுத்துகள் இடம் மாறியிருக்கும்.

வாங்குபவருக்காக நிறமும் வடிவமும் மாறிய இது அசல் மரபே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. தன் வீட்டுச் சாவையும் ஆற்றையும் விற்பனைக்கு வைக்க நேர்ந்த பெண், அந்தப் பணத்தில் பிள்ளைக்குச் சோறு போட்டாள். கூடவே தன் மக்களின் வரலாற்றை முதன்முறையாகப் படமாக எழுதியும் வைத்தாள். இதைவிட அசலான மரபு எது?

துணிகள் அஞ்சலில் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே குடியேறிய உறவினர்கள் சந்தைகளில் விரித்து விற்றுப் பணம் அனுப்பினார்கள். தேவாலயங்களின் ஆதரவில் ஊர் ஊராகச் சிதறடிக்கப்பட்டவர்கள் அவர்கள். பிலடெல்பியாவில் அக்கம்பக்கத்தாரின் தாக்குதல் தாங்காமல் 1984 வாக்கில் பெரும்பாலானோர் ஊரையே காலி செய்தார்கள். பின்பு கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவிலும் மினசோட்டாவின் செயின்ட் பாலிலும் தம்மவர்களைத் தேடி ஒன்று சேர்ந்தார்கள்.

இந்தப் பயணத்தில் என் மனத்தை மிகவும் தொந்தரவு செய்யும் இடம் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர். மின்சாரமும் காரும் வேண்டாம் என்று வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் ஊர் அது. அவர்களின் குவில்ட், அதாவது ஒட்டுத் துணிப் போர்வை, சுற்றுலாப் பயணிகளுக்குப் பொக்கிஷம். எண்பதுகளில் மெனனைட் திருச்சபையினரின் ஆதரவில் அங்கே குடியேறிய மோங் பெண்களின் மடிப்புத் தையலைப் பார்த்த போர்வைக் கடைக்காரர்கள் வேலையை அவர்களிடம் கொடுத்தார்கள். பூவும் இலையும் அவர்கள் கையில் வளைந்தன. போர்வை விற்றது ஆமிஷ் பெயரில். விஷயம் வெளியே வந்தபோது, ஏமாந்துவிட்டதாகக் கருதிய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தையல் அப்படியேதான் இருந்தது, தைத்தவள் யார் என்று தெரிந்ததும் மதிப்பு குறைந்துவிட்டது. இத்தனைக்கும் ஆமிஷ் பெண்களே அந்தக் கலையை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசும் அண்டை வீட்டாரிடமிருந்து கற்றவர்கள். கற்ற கலை அவர்களுக்குச் சொந்தமாகும்போது மோங் பெண்ணுக்கு மட்டும் ஏன் ஆகாது? இந்த வேலையில் தேர்ந்த சில மோங் பெண்கள் பின்னர் தாமே போர்வைத் தொழிலில் இறங்கினார்கள்.

பான் வினாய் 1992இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் இன்று மோங் மக்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். பேரப்பிள்ளைகளில் பலருக்கு மோங் மொழி அரைகுறை. நத்தைச் சுழியை அவர்களால் படிக்க முடியாது, கதைத்துணியைப் படிக்க முடியும். டியா சா என்ற மோங் மானிடவியலாளர், முகாமில் தன் உறவினர்கள் தைத்த ஒரு துணியை வைத்தே 1996இல் சிறுவர் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். அந்நியர் வாங்குவதற்காகப் பிறந்த வடிவம் சொந்தப் பிள்ளைகளின் பாடப்புத்தகமாகிவிட்டது.

செயின்ட் பால் மோங் சந்தைகளில் புத்தாண்டு உடை வாங்கப் போனால், நாணயங்கள் கலகலக்கும் பாவாடைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். பூவேலை மாதிரியே இருக்கும், தடவினால் வழவழவென்று பாலியஸ்டரில் அச்சடித்த பூ. முன்னோர் விட்டுவந்த சீனத்திலிருந்துதான் அவற்றில் பலவும் வருகின்றன. அதை உடுத்திப் பந்தெறிந்து விளையாடும் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஆலை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் ஒரு பாவாடைக்காக மாதக்கணக்கில் குனிந்து உட்கார அவள் தாய்க்கு நேரம் ஏது? ஆனாலும் சவ உடைக்கு மட்டும் கைத்தையல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். தமக்கும் பிள்ளைகளுக்கும் தைத்துப் பெட்டியில் மடித்து வைக்கிறார்கள்.

அருங்காட்சியகங்களில் கதைத்துணிகள் இன்று கண்ணாடிக்குள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் தைத்தவர் பெயர் இல்லை. முகாமில் இருபது வயதில் ஊசி பிடித்த பெண்களுக்கு இப்போது அறுபதோ எழுபதோ ஆகியிருக்கும். எந்தத் துணி யார் கை என்று தையலைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்களிடம் துணிகளை எடுத்துப்போய்க் காட்டிப் பெயர்களை எழுதி வாங்கும் வேலையை இப்போதே தொடங்கிவிட வேண்டும்.